இடைவெளி உண்டு, அடைப்பு இல்லை

“இரட்டை நட்சத்திரங்கள் பிறந்ததும் சுற்றியிருக்கும் வாயுவை விலக்கித் தள்ளிவிடும். அதோடு அவற்றின் வளர்ச்சி முடிந்தது.” வானியல் ஆர்வலர்கள் பலர் இப்படித்தான் நம்புகிறார்கள். இதில் பாதி உண்மை இருப்பதால்தான் மீதியையும் யாரும் சந்தேகிப்பதில்லை.

விலக்குவது மெய். ஒன்றையொன்று சுற்றும் இரு நட்சத்திரங்களின் ஈர்ப்பு, வெளியே இருக்கும் வாயு வட்டின் உட்பகுதியைத் தள்ளி வெறுமையாக்குகிறது. ரிஷப மண்டலத்தில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஜிஜி டாரி என்ற இளம் நட்சத்திரத் தொகுதியைப் பாருங்கள். அங்கே வாயுவும் தூசும் அடர்ந்த வளையம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் ஏறத்தாழ 180 மடங்கு தள்ளித்தான் தொடங்குகிறது. ஆனால் நட்சத்திரத்தை ஒட்டி உள்ளே ஒரு சிறு வட்டும் இருக்கிறது. வரத்து இல்லாவிட்டால் அது எப்போதோ தீர்ந்திருக்கும். 2014இல், சிலியின் ஆல்மா தொலைநோக்கியைக் கொண்டு வானியலாளர் அன் டுட்ரே குழுவினர், வளையத்திலிருந்து உள்வட்டை நோக்கி வெறுமையைக் கடந்து ஓடும் வாயுவைக் கண்டார்கள். இத்தகைய ஓடைகள் உருவாகும் என்று அர்டிமோவிச், லூபோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1996லேயே கணினிக் கணக்கில் காட்டியிருந்தார்கள்.

வரத்து சீரானதாகவும் இருப்பதில்லை. டிகியூ டாரி என்ற இணை, நீள்வட்டப் பாதையில் 15.8 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகிறது. இரண்டும் மிக நெருங்கும் சமயங்களில் பெரும்பாலும் அதன் ஒளி கூடுகிறது. மதகு திறந்தாற்போல் வாயு அப்போதுதான் பெருமளவில் வந்து விழுகிறது.

அடுத்தது, “பெரிய நட்சத்திரமே அதிகம் இழுத்துக்கொள்ளும்” என்பது. ஈர்ப்பு அதிகம் என்பதால் அப்படித் தோன்றுவது இயல்பு. கணிப்புகள் பெரும்பாலும் நேர்மாறாகச் சொல்கின்றன. பொது மையத்திலிருந்து அதிகம் விலகிச் சுற்றுவது சிறியதுதான். வளையத்தின் உள்விளிம்புக்கு அருகே போவதும் அதுவே. அதனால் அதற்கே பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது, நாளடைவில் இரண்டின் நிறையும் சமனை நோக்கி நகர்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த முடிவு இதுதான்.

வளரும் நட்சத்திரங்கள் வாயுவை உள்ளே இழுப்பதோடு வெளியேயும் பீய்ச்சுகின்றன. அப்படிப் பீறிடும் வாயுவை இழப்பு என்று கருதுவதும் தவறு. சுழலும் வாயு தன் கோண உந்தத்தைக் கொஞ்சமேனும் உதறாமல் நட்சத்திரத்தில் போய் விழ முடியாது. அதைச் சுமந்து செல்வதில் இந்த வெளிப்பாய்வுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. உள்ளே விழுவதில் பத்தில் ஒரு பங்கு அளவே வெளியேறுகிறது என்பது பொதுவான மதிப்பீடு. அதாவது, ஒரு நட்சத்திரம் பீய்ச்சுகிறது என்றால் அது இன்னும் வளர்கிறது என்று பொருள்.

அந்தப் பாய்வு ஒரே நட்சத்திரத்தின் வேலை என்றும் சட்டென்று முடிவு கட்டக் கூடாது. இருபுறமும் விரியும் மூலக்கூறு வாயுப் பாய்வு 1980இல் எல்1551 மேகத்தில் கண்டறியப்பட்டது. அதன் ஊற்றை 1998இல் ரேடியோ அலைகளில் கூர்ந்து பார்த்தபோது, ஒவ்வொன்றும் சனியின் சுற்றுப்பாதை அளவே உள்ள இரண்டு வட்டுகள் அருகருகே தெரிந்தன. அங்கிருந்து கிளம்பும் தாரைகளும் இரண்டுதான்.