ஏஏஆர்பி-க்கு போன் போடும் முன்...

அமெரிக்காவில் 1958-ல் தொடங்கப்பட்ட, 50 வயது தாண்டியவர்களுக்கான உறுப்பினர் அமைப்பு ஏஏஆர்பி. பிள்ளைகளோடு அங்கே குடியிருக்கும் நம் பெரியவர்கள் உறுப்பினராகியிருந்தால், இந்தக் குறிப்புகள் கைகொடுக்கும்.

1. வாடிக்கையாளர் சேவை எண்: 888-687-2277. டயல் செய்யும் முன்பே உறுப்பினர் அட்டை, மூக்குக்கண்ணாடி, பேனா மூன்றும் மேஜைக்கு வந்துவிடட்டும்.

2. திங்கள் முதல் வெள்ளி வரை, காலை 8 முதல் இரவு 8 வரை பேசலாம். இது நியூயார்க் நேரம். கலிபோர்னியாவில் மாலை 5 மணிக்கே முடிந்துவிடும். மகள் ஆபீஸிலிருந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

3. நம் இனிஷியல் அவர்களுக்குப் புரியாது. அட்டையில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே பெயரைச் சொல்லுங்கள். எழுத்துக்கூட்டும்போது 'வி ஃபார் விக்டர்', 'பி ஃபார் பாய்' என்று சொன்னால் குழப்பம் வராது. தமிழ்ச்செல்வி, யாழினி போன்ற பெயர்க்காரர்கள் கவனிக்க: நம்முடைய 'இசட்' அங்கே 'ஸீ'. 'ஸீ ஃபார் ஸீப்ரா' என்றால் 'சி' என்று எழுதிவிட மாட்டார்கள்.

4. ஆங்கிலம் தடுமாறினால் பிள்ளைகள் பேசட்டும். ஆனால் நீங்களும் பக்கத்திலேயே இருங்கள். 'என் சார்பில் இவர் பேசலாம்' என்று உங்கள் வாயால் ஒரு வார்த்தை கேட்பார்கள்.

5. ஏஏஆர்பி பெயர் போட்ட காப்பீடுகளை நடத்துவது வேறு கம்பெனிகள். மருத்துவக் காப்பீடு என்றால் யுனைடெட்ஹெல்த்கேர், கார் காப்பீடு என்றால் ஹார்ட்ஃபோர்ட். கிளெய்ம் விஷயத்துக்கு, அந்தக் காப்பீட்டு அட்டையில் உள்ள எண்ணைக் கூப்பிடுங்கள்.

6. மகன் வீட்டிலிருந்து மகள் வீட்டுக்கு மாறினால் முகவரியையும் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஏஏஆர்பி அனுப்பும் பத்திரிகை பழைய வீட்டுக்கே போகும். அதே அழைப்பில், சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டுக்காரரை அல்லது வீட்டுக்காரம்மாவைத் தனிக் கட்டணமின்றி இரண்டாவது உறுப்பினராகச் சேர்க்கலாம்.

7. பேசியவர் பெயர், தேதி, சொன்ன பதில் மூன்றையும் காலண்டர் தாளிலாவது குறித்துவையுங்கள். அடுத்த முறை முதலிலிருந்து கதை சொல்ல வேண்டாம்.

8. 'ஏஏஆர்பி-யிலிருந்து பேசுகிறோம்' என்று யாராவது தாங்களாகவே கூப்பிட்டு சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ கிஃப்ட் கார்டையோ கேட்டால், பதில் பேசாமல் வைத்துவிட்டு அட்டையில் உள்ள எண்ணுக்கு நீங்களே போடுங்கள். மோசடி பற்றி ஆலோசனை சொல்ல ஏஏஆர்பி-யின் இலவச உதவி எண் 877-908-3360. உறுப்பினர் அல்லாதவர்களும் கூப்பிடலாம். ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுப் பிள்ளைகளிடம் மறைப்பதைவிட, அங்கே சொல்வது மேல்.