நீங்குதலும் நீக்கப்படுதலும்

தஞ்சை மாவட்டத்தின் தென்கடற்கரையில், பாக்கு நீரிணையை நோக்கி அமைந்திருப்பது அதிராம்பட்டினம். பட்டுக்கோட்டையை அடுத்த இவ்வூரில் ஒருபுறம் உப்பளங்கள் விளங்கும். ஒருபுறம் மீன்பிடி படகுகள் நிற்கும். உள்நாட்டுப் பக்கம் தென்னந்தோப்புகள் பரந்திருக்கும். 'வேலை' என்னும் சொல் தொழிலையும் குறிக்கும்; கடலையும் குறிக்கும். இவ்வூரார் பலருக்குக் கடலாகிய வேலையே தொழிலாகிய வேலையையும் தருகிறது.

கோடைக்காலத்தில் பாத்திகளில் உப்பு விளையும். வடகிழக்குப் பருவமழை வந்ததும் உப்பளத் தொழில் நின்றுவிடும். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள், மீன் இனம் பெருகும் பொருட்டு, விசைப்படகுகள் கடலுக்குள் செல்வதில்லை. இவை வேலை நிற்கும் காலங்களே அன்றி, வேலை போன காலங்கள் அல்ல. நின்றது மீண்டும் தொடங்கும் என்னும் உறுதி உண்டு. அத்தகைய உறுதியின்றி வேலை முடிவடைவதும் உலகில் உண்டு. அம்முடிவு இருவகைப்படும்.

'வேலை போயிற்று' என்கிறான் ஒருவன். 'வேலையை விட்டேன்' என்கிறான் மற்றொருவன். முதல் தொடரில் வேலையே எழுவாய். போதல் அதன் செயல். தொழிலாளி அத்தொடரில் இடம்பெறவும் இல்லை. இரண்டாம் தொடரில் 'நான்' என்பது தோன்றா எழுவாய். வேலை செயப்படுபொருளாய் நிற்கிறது. 'நீங்கு', 'நீக்கு' என்னும் இரு சொற்களையும் நோக்குக. 'திருந்து' என்பது 'திருத்து' என்றும், 'அடங்கு' என்பது 'அடக்கு' என்றும் ஆவதுபோல, இங்கும் இடைநின்ற மெல்லெழுத்து வல்லெழுத்தாகத் தன்வினை பிறவினையாகிறது. நீங்கினான் என்றால் செயல் அவனுடையது. நீக்கப்பட்டான் என்றால் செயல் பிறருடையது. மறுநாட் காலையில் இருவரும் வேலைக்குச் செல்வதில்லை என்பது உண்மையே. ஆயினும், அந்த ஓரெழுத்து வேறுபாட்டில் ஒருவனுடைய உரிமையும் மதிப்பும் அடங்கியிருக்கின்றன.

இவ்விரு நிலைகளையும் விளக்கக் காவிரிக் கரையிலுள்ள கும்பகோணம் அரசினர் கல்லூரியின் வரலாறு ஒன்றே போதும்.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்ட தியாகராச செட்டியார் அக்கல்லூரியில் தமிழாசிரியராக விளங்கினார். கண்டிப்பும் புலமையும் ஒருங்கே வாய்ந்த அவர், 1880ஆம் ஆண்டில் தாமே ஓய்வுபெற விரும்பினார். பதவியை விடுவதோடு தம் கடமை முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. தமக்குப்பின் அவ்விடத்தில் அமரத்தக்கவர் யார் என ஆராய்ந்தார். பிள்ளையவர்களின் மாணாக்கரும், திருவாவடுதுறை ஆதீனத்தில் தமிழ் பயின்றும் பயிற்றுவித்தும் வந்தவருமான உ.வே. சாமிநாதையரே அதற்கு ஏற்றவர் எனத் துணிந்தார்.

ஐயருக்கு அப்பொழுது அகவை இருபத்தைந்து நிரம்பும் காலம். அவரும் ஓரிடத்தை விட்டே மற்றோரிடம் புகவேண்டியிருந்தது. தம்மை அன்புடன் ஆதரித்த ஆதீனத் தலைவர் சுப்பிரமணிய தேசிகரிடம் சொல்லாமலோ, அவர் மனம் நோகவோ அவர் பிரியவில்லை. செட்டியார் தேசிகரை நேரிற்கண்டு தம் கருத்தைத் தெரிவித்தார். பிரிய மனமில்லாதிருந்தும் தேசிகர் ஐயரின் நலங்கருதி இசைந்து, வாழ்த்தி அனுப்பினார். கல்லூரியில் ஐயரின் புலமை ஆராயப்பெற்றபின், மாதம் 50 ரூபாய் ஊதியத்தில் அவர் தமிழாசிரியரானார். ஓய்வு நாள்களில் திருவாவடுதுறைக்குச் சென்று வருவதையும் அவர் விடவில்லை.

கும்பகோணத்தில் இருந்தபொழுதுதான் சேலம் இராமசுவாமி முதலியாரின் நட்பு ஐயருக்குக் கிடைத்தது. அந்நட்பே சீவக சிந்தாமணி 1887இல் அச்சேறுவதற்கு வித்தாயிற்று. பின்னர்ச் சிலப்பதிகாரமும் புறநானூறும் வெளிவந்தன. ஒருவர் உரிய காலத்தில் உரிய முறையில் ஓரிடத்தை விட்டு எழுந்ததனால் தமிழுக்கு விளைந்த பயன் இது. ஐயர் பிற்காலத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் வாழ்ந்த இல்லத்திற்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயரிட்டார். விட்டுக்கொடுத்தவரின் பெயர், பெற்றவரின் வாயிலில் நிலைத்தது.

அதே கல்லூரிக்கு 1904ஆம் ஆண்டில் உதவித்தொகையுடன் மாணவராக வந்தவர் சீனிவாச இராமானுசன். கணக்கிலேயே உள்ளம் தோய்ந்திருந்த அவர் ஆங்கிலப் பாடத்தில் தவறினார்; உதவித்தொகை பறிபோயிற்று. உதவித்தொகை ஊதியமன்று, எனினும் வறிய மாணவனுக்கு அதுவே ஊதியம் போன்றது. அதனை அவர் விடவில்லை. அதுதான் அவரை விட்டுப் போயிற்று. கும்பகோணத்துக் கல்வி அத்துடன் நின்றது. பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் தேர்வில் வெற்றி கிட்டவில்லை. சில ஆண்டுகள் ஆதரவு தேடி அலைந்தார். 1912 மார்ச்சு முதல் நாளில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் எழுத்தராக அமர்ந்தார்.

மறு ஆண்டிலேயே சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளிக்க முன்வந்தது. இம்முறை வேலை அவரை விடவில்லை. அவர்தாம் வேலையை விட்டுச் செல்லவேண்டியிருந்தது. துறைமுகக் கழகம் அவருக்கு இரண்டாண்டு விடுப்பளித்து வழிவிட்டது. 1914இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய அவர், 1918இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். இழந்தபொழுதும் அவர் கணக்கறிவு குறையவில்லை. விட்டபொழுதும் புதிதாய்த் தோன்றவில்லை. இழப்பு ஒருவனுடைய தகுதியை அளக்கும் கோல் அன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா.

பெரியோர்க்கு நேர்ந்ததே எளியோர்க்கும் நேர்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் கசா புயல் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையைக் கடந்தது. அதிராம்பட்டினமும் பட்டுக்கோட்டையும் பேராவூரணியும் சூறையாடப்பட்டன. பல்லாண்டு வளர்ந்து காய்த்த தென்னைகள் ஓரிரவில் வேரோடு சாய்ந்தன. தோப்புக்குரியவர் மரத்தை இழந்தார். தேங்காய் பறித்தவரும், மட்டை உரித்தவரும், கயிறு திரித்தவரும் வேலையை இழந்தனர். அவர்களுள் ஒருவரேனும் தம் தொழிலில் குறை செய்தவர் அல்லர். புதிதாய் நட்ட கன்று பலன்தரச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை அவ்வீடுகளில் அடுப்பெரிய வேறு வழி தேடவேண்டியிருந்தது. இத்தகையோரை நோக்கி, 'வேலையற்றவர்' என்று இகழ்வது அறியாமை.

வேலை இழப்பதெல்லாம் பழியற்றது என்பதும் பொருந்தாது. கணக்கிற் பொய் எழுதி நீக்கப்படுபவன் தன் வினையின் பயனையே அடைகிறான். அவ்வாறே, தானே விட்டுச் செல்வதெல்லாம் பெருமையும் அன்று. அறுவடை நடுவே சிறு சினங்கொண்டு அரிவாளை வரப்பில் எறிந்துவிட்டுப் போகின்றவன் தானே நீங்கியவன்தான். ஆயினும் உடன் உழைத்தோர்மேல் தன் சுமையை ஏற்றிச் சென்றவன் ஆகிறான். ஆகவே, நீங்கினானா நீக்கப்பட்டானா என்பது செயல் யாருடையது என்பதை மட்டும் காட்டும். அதன் நன்மை தீமையைக் காரணமும் முறையுமே காட்டும்.

சட்டமும் இவ்விரண்டையும் வேறு வேறாகவே கருதுகிறது. அரசுப் பணியாளர் ஒருவரை உரிய விசாரணையின்றியும், தம் கருத்தை எடுத்துரைக்க வாய்ப்பளியாமலும் நீக்கலாகாது என்பது இந்திய அரசியலமைப்பின் 311ஆம் உறுப்புத் தரும் பொதுவான காப்பு. ஆலைகளில் ஆட்குறைப்புச் செய்வதற்கும் வரையறை உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்தில் 1953இல் ஒரு விதி சேர்க்கப்பட்டது. ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்த தொழிலாளியை ஆட்குறைப்பில் நீக்கினால், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குரிய ஊதியமோ கொடுத்தல் வேண்டும். பணிபுரிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் இழப்பீடாகவும் கொடுத்தல் வேண்டும் என்பது அவ்விதி. 2020இல் இயற்றப்பட்ட தொழிலுறவுத் தொகுப்புச் சட்டமும் இக்கொள்கையை ஏற்றுக்கொண்டது. இதன்படி பத்தாண்டு உழைத்தவருக்கு நூற்றைம்பது நாள் ஊதியம் உரியதாகும். தாமே விலகியவர் இவ்விழப்பீட்டைக் கோர இயலாது.

இங்கேதான் ஓரெழுத்தின் விலை விளங்குகிறது. ஆள் மிகையெனக் கருதும் உரிமையாளர் ஒருவர் தொழிலாளியை அழைத்து, 'நீக்கினேன் என்று எழுதினால் உனக்குத்தான் இழிவு. நீயே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடு' என்று பரிவோடு கூறுவது போலக் கூறுதல் உண்டு. தொழிலாளியும் ஊரார் ஏச்சுக்கு அஞ்சி, 'என் சொந்த விருப்பத்தின்படி விலகுகிறேன்' என்று கையொப்பமிடுகிறான். 'நீக்கு' என்பது தாளில் 'நீங்கு' என்று ஆகிவிடுகிறது. அவன் காத்துக்கொண்டதாக எண்ணியது மானம். இழந்தது மக்களுக்குரிய ஐந்து மாத உணவு. வற்புறுத்திப் பெற்ற விலகல் உண்மையான விலகல் அன்று என்பதே நீதிமன்றங்கள் கொண்ட கொள்கை. எனினும், வற்புறுத்தலை மெய்ப்பிப்பது எளிதன்று. கையொப்பமோ கண்முன் நிற்கும்.

இதற்கு மறுதலையான பொய்யும் உண்டு. வீம்பினால் வேலையை விட்டு வந்தவன், வீட்டாரிடமும் நண்பரிடமும், 'என்னை நீக்கிவிட்டார்கள்' என்று கூறிப் பழியைப் பிறர்மேல் சுமத்துகிறான். முன்னவன் நாணத்தால் வினையை மாற்றினான். இவன் தன் குறையை மறைக்க மாற்றினான். இருவரும் எழுவாயை மறைத்தவர்களே.

வேலையை விட விரும்புவோர் முதலில் காரணத்தைத் தம் உள்ளத்திற்கேனும் தெளிவாகச் சொல்லிக்கொள்ளுதல் வேண்டும். உரிய காலத்திற்குமுன் அறிவித்தல் வேண்டும். கணக்கையும் கருவியையும் ஒப்படைத்து, அடுத்து வருபவருக்கு வழி காட்டுதல் வேண்டும். செட்டியார் செய்தது இதுவே. வேலையை இழந்தவர், இழந்தேன் என்று தலைநிமிர்ந்து சொல்லுதல் வேண்டும். படியாத எத்தாளிலும் கையொப்பமிடாது, தமக்குரியதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். அத்தகையவரை ஊரார் ஏசாதிருப்பின், பொய்யாக விலகல் எழுதும் நிலை பெரிதும் குறையும். ஆகவே இது தொழிலாளியின் கடமை மட்டுமன்று. அண்டை வீட்டாரின் கடமையும் ஆகும்.

வேலை வரும், போகும், சில வேளைகளில் விடவும் நேரும். எது நேர்ந்தாலும் அதற்குரிய வினைச்சொல்லை உள்ளவாறு கூறுகின்றவன் தன் உரிமையையும் இழவான். பிறர் மதிப்பையும் இழவான்.

வினாக்கள்

1. 'வேலை போயிற்று', 'வேலையை விட்டேன்' என்னும் இரு தொடர்களின் எழுவாய்களை எடுத்துக்காட்டி, அவற்றின் பொருள் வேறுபாட்டை விளக்குக.
2. தியாகராச செட்டியார் பதவியினின்று நீங்கிய முறையில் போற்றத்தக்கவை யாவை?
3. இராமானுசன் வாழ்வில் இழத்தலும் விடுதலும் எவ்வாறு அமைந்தன?
4. பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த தொழிலாளி ஆட்குறைப்பில் நீக்கப்பட்டால், அவருக்கு எத்தனை நாள் ஊதியம் இழப்பீடாகும்?
5. 'திருந்து – திருத்து' போன்று தன்வினை பிறவினையாகும் சொற்கள் ஐந்து எழுதி, தொடர்களில் அமைத்துக் காட்டுக.