குளிர்மலையில் தங்கமீன்கள்

தாப்பா வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிச் செல்பவர்கள் முதலில் அடையும் ஊர் ரிங்லெட். கடல் மட்டத்திலிருந்து 1,100 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் காய்கறித் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. அடிவாரத்தில் வியர்க்க வியர்க்கப் பேருந்தில் ஏறியவர், இங்கு இறங்கும்போது கம்பளிச் சட்டையைத் தேடுவார். அதே பேருந்தில் ஒரு நெகிழிப் பையில் நான்கு தங்கமீன்கள் வந்தால், அவற்றுக்குப் போர்த்திக்கொள்ள எதுவும் இல்லை.

ஈப்போவில் வாங்கிய மீன்கள் மாலையில் வீடு வந்து சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்காது. "கொஞ்சம் பொறும்மா, அதுக்கு இது புது இடம்," என்று பாட்டி சொல்லி முடிப்பதற்குள் பையை அவிழ்த்து மீன்களைக் கொல்லைத் தொட்டியில் கொட்டிவிடுவார்கள். மறுநாள் காலையில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதக்கும். "மலைக் குளிர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை," என்று வீட்டில் உள்ளவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த முடிவு சரியானதுதானா?

தங்கமீன் வெப்பநாட்டு மீன் அன்று. அதன் முன்னோர் சீனாவின் ஆறுகளிலும் குளங்களிலும் வாழ்ந்த கெண்டை இனத்தைச் சேர்ந்தவை. ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகச் சீனர்கள் அவற்றை அழகுக்காக வளர்த்து வந்துள்ளனர். ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் குளத்தின் மேற்பரப்பு பனிக்கட்டியாக உறைந்துவிடும் காலத்தில்கூட, தங்கமீன்கள் அடியில் அசையாமல் உயிரோடு இருக்கும். இதற்கு நீரின் ஒரு விந்தையான பண்பே காரணம். நீர் 4 பாகை செல்சியசில்தான் மிகுந்த அடர்த்தி பெறுகிறது. அந்த நீர் அடியில் தங்க, அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே நின்று உறைகிறது. பனிக்கட்டியே குளத்திற்கு ஒரு போர்வைபோல் ஆகிவிடுகிறது. அந்நாடுகளில் மீன் வளர்ப்போர் அஞ்சுவது வேறொன்றுக்கு. பனிக்கட்டி குளத்தை முழுவதும் மூடிவிட்டால், அழுகும் இலைகளிலிருந்து வெளிவரும் வாயு மேலே போக முடியாது. உயிர்வளியும் உள்ளே வராது. ஆகவே கொதிநீர்ப் பாத்திரத்தைப் பனிக்கட்டியின்மேல் வைத்து ஒரு சிறு துளையை உருக்குவார்கள். சுத்தியலால் உடைக்க மாட்டார்கள். அந்த அதிர்ச்சி நீர் வழியே சென்று மீன்களைத் தாக்கும்.

கேமரன் மலையில் இத்தகைய உறைபனிக்கே இடமில்லை. இங்கு 1978ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் பதிவான 7.8 பாகை செல்சியஸ்தான் நம் நாட்டின் மிகக் குறைந்த வெப்பநிலையாகக் குறிப்பிடப்படுகிறது. வழக்கமான இரவுகளில் அதைப்போல் இரு மடங்கு வெப்பம் இருக்கும். தங்கமீனுக்கு அது சுகமான குளிர். அப்படியானால் அந்த மீன் ஏன் இறந்தது?

குளிர் அதைக் கொல்லவில்லை. திடீர்க் குளிர் கொன்றது. மீன் குளிர் இரத்தப் பிராணி. சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையே அதன் உடலின் வெப்பநிலை. ஈப்போவில் ஏறக்குறைய 28 பாகை நீரில் நீந்திய மீன், நொடிப் பொழுதில் 18 பாகை நீருக்குள் விழுந்தால் அதன் உடல் நிலைகுலைந்து போகும். அந்த அதிர்ச்சியில் உயிர் தப்பினாலும், உடல் வலுவிழந்து வெண்புள்ளி நோய்க்கு ஆளாகலாம். ஒரே வாரத்தில் மெல்ல மெல்லக் குளிரும் நீரை அதே மீன் எளிதாகத் தாங்கிக்கொள்ளும். எனவே கட்டிய பையை அவிழ்க்காமல் தொட்டி நீரில் இருபது நிமிடம் மிதக்கவிட வேண்டும். பிறகு பையைத் திறந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை தொட்டி நீரைக் கோப்பையால் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்ற வேண்டும். இறுதியில் மீனை வலையால் எடுத்து விடலாம். பாட்டி சொன்ன "கொஞ்சம் பொறு" என்பதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் என்று பொருள், அவ்வளவுதான்.

தொட்டியின் ஆழமும் இதே காரணத்தால்தான் முக்கியமாகிறது. ஆழமில்லாத தொட்டி பகல் வெயிலில் சட்டெனச் சூடேறி, இரவில் சட்டெனக் குளிர்ந்துவிடும். குறைந்தது 60 சென்டிமீட்டர் ஆழமுள்ள குளத்தின் அடிநீர் அவ்வளவு விரைவாக மாறாது. உருண்ட உடலும் நீண்ட வாலும் கொண்ட அலங்கார வகைகள், சாதாரண வகைகளைவிட மென்மையானவை என்பதையும் வாங்கும்போதே நினைவில் கொள்ள வேண்டும்.

அடுத்தது உணவு. மழை விடாது பெய்யும் வாரங்களில் மீன் சோர்ந்திருப்பதைப் பார்த்து, பாசத்தில் இன்னொரு கைப்பிடி உணவைத் தூவுவோர் உண்டு. நீர் குளிரும்போது மீனின் செரிமானமும் மெதுவாகிறது. தின்னாத உணவு அழுகி அம்மோனியாவாக மாறும். அதை நீக்கும் நல்ல நுண்ணுயிரிகளும் குளிரில் மந்தமாகவே வேலை செய்யும். இரண்டு மூன்று நிமிடங்களில் தின்று தீர்க்கும் அளவே போதும். நீர் 15 பாகைக்குக் கீழே இறங்கினால் அதிலும் பாதியாகக் குறைக்கலாம். 10 பாகைக்குக் கீழே உணவே வேண்டாம்.

ஆனால் ரிங்லெட்டில் குளிரைவிடப் பெரிய பகை ஒன்று உண்டு. அது சேறு. 1963ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் இவ்வூருக்கு அருகில்தான் உள்ளது. காடழித்த சரிவுகளிலிருந்து மழை அடித்து வந்த மண், அந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பெரிதும் குறைத்துவிட்டது. அங்கு படிந்த மண்ணை அகற்றத் தெனாகா நேஷனல் நிறுவனம் தொடர்ந்து பாடுபட வேண்டியுள்ளது. ஏரிக்கே இந்தக் கதி என்றால் கொல்லைக் குளம் எம்மாத்திரம்! கனமழையில் வழிந்தோடி வரும் நீர், காய்கறித் தோட்டத்தின் மண்ணோடு உரத்தையும் பூச்சிமருந்தையும் சேர்த்தே கொண்டுவரும். அது ஒரே இரவில் குளத்து மீன்கள் அனைத்தையும் கொன்றுவிடக்கூடும். குளத்தின் விளிம்பைத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டி, மேட்டுப் பக்கம் ஒரு சிறு கால்வாய் வெட்டிவிட்டால் அந்நீர் விலகி ஓடும்.

நன்றாகப் பேணினால் தங்கமீன் பத்து ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கையளவுக்கு மேலும் வளரும். தொட்டி சிறிதாகிப்போன நாளில், "ஏரியில் விட்டுவிடலாமே" என்று யாராவது இரக்கத்தோடு சொல்லலாம். அதைக் கேட்கக்கூடாது. தங்கமீன் அடிமண்ணைக் கிளறி இரை தேடும். ஏற்கெனவே கலங்கிய நீரை மேலும் கலக்கும். அங்குள்ள மீன்களுக்கு நோயையும் கொடுக்கும். பெரிய குளம் வைத்திருக்கும் அண்டை வீட்டாரைக் கேட்டுப் பார்க்கலாம். கொண்டுபோகும்போது பையை மறுபடியும் இருபது நிமிடம் மிதக்கவிட வேண்டும்.