காப் குதிரையை உயர்நிலைக் கண்காட்சிக்கு ஆயத்தம் செய்தல்

காப் என்பது ஒரு குதிரை இனத்தின் பெயரன்று. ஓர் உடலமைப்பு வகையின் பெயராகும். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் குட்டையான கால்களும், ஆழ்ந்த மார்பும், உருண்டு திரண்ட பின்பகுதியும், உடலின் பருமனோடு ஒப்பிடுகையில் சிறிதும் அழகியதுமான தலையும் உடைய குதிரையை இப்பெயரால் வழங்குவர். அயர்லாந்தின் உழவுக் குதிரையைப் பிறவற்றோடு கலந்து ஈன்ற குட்டிகளிடையே இவ்வமைப்பு மிகுதியாகக் காணப்படும். வாரநாளில் வணிகரின் வண்டியை இழுத்து, ஓய்வு நாளில் உடல் கனத்த முதியவரை முதுகில் ஏற்றி, இரு பணியிலும் ஒரே பொறுமையோடு நடப்பது இதன் பழைய தொழில். கண்காட்சிக் களத்திலும் இதனிடம் எதிர்பார்க்கப்படுவது அப்பொறுமையும் வலிமையுமே.

போட்டிகளில் காப் குதிரைகளைத் தோள்மேட்டின் உயரத்தையும் சுமக்கும் ஆற்றலையும் கொண்டு பிரிப்பர். 155 சென்டிமீட்டருக்கு மேற்படாதவற்றுள் ஏறத்தாழ 89 கிலோ வரை சுமக்கவல்லவை இலகு எடைப் பிரிவிலும், அதற்கு மேலும் சுமக்கவல்லவை கன எடைப் பிரிவிலும் சேரும். 155 சென்டிமீட்டரைக் கடந்தவை மேக்சி காப் எனத் தனிப் பிரிவாகும். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்புப் பகுதியின் சுற்றளவும் கருத்திற் கொள்ளப்படும். கனத்த உடலை மெல்லிய கால் நெடுநாள் தாங்காது என்பதே காரணம்.

உயர்நிலைப் போட்டிகளுள் தலையாயது ஆண்டின் சிறந்த குதிரைக் கண்காட்சி எனப்படுவது. இது 1949ஆம் ஆண்டில் லண்டன் ஹாரிங்கே அரங்கில் தொடங்கி, 1959இல் வெம்பிளிக்கும், 2002இல் பர்மிங்காமுக்கும் இடம் மாறியது. கோடைக் காலத்தில் நாடெங்கும் நடைபெறும் தகுதிச் சுற்றுகளில் வென்றவையே அக்டோபரில் அங்கே நுழையலாம். ஆகவே ஒரு நாள் பொலிவுக்காக அன்றி, பல மாதங்கள் உடலும் மனமும் தளராதிருப்பதற்காகவே குதிரையை ஆயத்தம் செய்தல் வேண்டும்.

களத்தில் குதிரைகள் நடை, டிராட் எனப்படும் துள்ளுநடை, கேண்டர் எனப்படும் மெல்லோட்டம், முழுப் பாய்ச்சல் ஆகிய நான்கையும் காட்டும். பின்னர் நடுவர் தாமே ஒவ்வொரு குதிரையிலும் ஏறிச் செலுத்திப் பார்ப்பார். அதன்பின் சேணம் நீக்கப்பட்டு, உடலமைப்பு ஆராயப்பட்டு, குதிரை கையிற் பிடித்து ஓட்டிக் காட்டப்படும். சேணம் நீங்கியபின் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. இவ்விடத்தில்தான் வளர்ப்போர் பலர் தவறான வழியை நாடுகின்றனர்.

திரட்சியான உடலே அழகு என்று நெடுங்காலமாகக் கருதப்பட்டு வந்தமையால், தசையால் நிரப்ப வேண்டிய இடங்களைக் கொழுப்பால் நிரப்பும் வழக்கம் வேரூன்றியது. தசையை வளர்க்கப் பல மாதங்கள் ஆகும். கொழுப்பை ஏற்றச் சில வாரங்கள் போதும். ஆனால் அதன் விலையைக் குளம்பு கொடுக்கிறது. காப் வகைக் குதிரைகள் சிறிதளவு தீனியிலும் பருக்கும் இயல்புடையவை. இவற்றின் உடலில் கொழுப்பு மிகுந்தால் இன்சுலினுக்கு உடல் இணங்கும் தன்மை குறைந்து, இரத்தத்தில் இன்சுலினின் அளவு உயர்கிறது. குளம்பின் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைத்து நிற்கும் மெல்லிய இதழ்கள் இதனால் நீண்டு தளர்கின்றன. குதிரையின் எடை முழுவதும் அவ்விதழ்களில் தொங்குவதால், அவை தளர்ந்ததும் எலும்பு சுழன்று கீழ்நோக்கி இறங்கலாம். லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பழற்சி இதுவே. நலமுள்ள போனிக் குதிரைகளின் இரத்தத்தில் இன்சுலினைத் தொடர்ந்து உயர்த்தி வைத்தபோது மூன்று நாட்களுக்குள் இந்நோய் தோன்றியதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். தீனியின் மிகுதி வயிற்றைக் கெடுத்து, அதன் வழியே குளம்பைத் தாக்குகிறது என்று மட்டும் எண்ணியிருந்த பழைய கருத்து அதன்பின் பெரிதும் திருத்தப்பட்டது.

தசையையும் கொழுப்பையும் கையால் பிரித்தறியப் பழகுதல் இன்றியமையாதது. காப் குதிரையின் பிடரி மயிர் வேரோடு ஒட்ட மழிக்கப்படுவதால், கழுத்தின் மேல்விளிம்பு எவ்விதத் திரையுமின்றிக் கண்ணுக்குத் தெரியும். பயிற்சியால் வளர்ந்த தசை கழுத்தின் இரு பக்கங்களிலும் பரந்து, தொட்டால் இறுகித் தோன்றும். வேலை செய்யும்போது அசைவது தெரியும். கொழுப்போ மேல்விளிம்பில் வரப்புப் போல் திரண்டு, பக்கவாட்டில் தள்ளினால் ஆடும். நோய் நெருங்கும்போது இவ்வரப்பு கல்லைப் போல் கெட்டியாவதும் உண்டு. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாமலும், உள்ளங்கையை இலேசாக அழுத்தி வருடினால் எளிதில் உணரத்தக்கனவாகவும் இருத்தல் நன்று. அழுத்தித் தேடவேண்டியிருந்தால் குதிரை பருத்துவிட்டது எனக் கொள்க. வால் தொடங்கும் இடத்திலும் தோளுக்குப் பின்னும் மெத்தை போன்ற படிவுகள் இருக்கின்றனவா என்றும் பார்த்தல் வேண்டும்.

கண்ணும் கையும் நாள்தோறும் பார்க்கும் குதிரையிடத்தில் ஏமாந்து போகும். அளவு நாடா ஏமாறாது. எடைமேடை இல்லாத இடத்தில், வளர்ந்த குதிரையின் எடையைப் பின்வருமாறு கணிக்கலாம். தோள்மேட்டின் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்தொடையின் எலும்பு முனை வரையிலான நீளத்தையும் சென்டிமீட்டரில் அளக்க வேண்டும். சுற்றளவை அதனாலேயே பெருக்கி, மீண்டும் நீளத்தால் பெருக்கி, 11,880 என்னும் எண்ணால் வகுத்தால் எடை கிலோகிராமில் கிடைக்கும். சுற்றளவு 200, நீளம் 165 எனில் எடை ஏறத்தாழ 555 கிலோ. எட்டு வாரங்களில் சுற்றளவு 194ஆகக் குறைந்தால் எடை 523 கிலோ அளவில் நிற்கும். நாடாவில் ஆறு சென்டிமீட்டர் என்பது முதுகில் முப்பது கிலோவுக்கு மேற்பட்ட சுமை என்பதை மாணவர்கள் இக்கணக்கால் தாமே கண்டறிவர். வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒருவரே அளப்பது நலம். மாரவாரி, கத்தியவாரி முதலிய நம் நாட்டுக் குதிரைகளுக்கும் இம்முறையைக் கையாளலாம், குட்டிகளுக்குப் பொருந்தாது.

பருத்த குதிரையைப் பட்டினியிடுதல் பெருந்தவறு. தீனி திடீரென நின்றால் உடற்கொழுப்பு இரத்தத்தில் வெள்ளமெனக் கலந்து ஈரலைத் தாக்கும். உயிருக்கே இடையூறு நேரலாம். வாரத்திற்கு உடல் எடையில் நூற்றுக்கு அரை முதல் ஒரு பங்கு வரை குறைவதே தக்க வேகம். நாளொன்றுக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு உலர்பொருள் வேண்டும் என்று கொண்டால், 555 கிலோ குதிரைக்கு 8.3 கிலோ உலர்பொருள், அதாவது ஏறக்குறைய 9.8 கிலோ உலர்புல் தேவை. அதனை நீரில் ஊறவைத்து வடித்துக் கொடுத்தால் கரையும் சர்க்கரையின் ஒரு பகுதி நீங்கும்; உடன் தாதுக்களும் கரைந்து போவதால் அவற்றைத் தனியே சேர்த்தல் வேண்டும். கோடையில் நெடுநேரம் ஊறிய புல் புளித்துவிடும். சிறு கண்ணி வலையில் இட்டுத் தொங்கவிட்டால் குதிரை மெதுவாக மெல்லும்; வெறும் வயிற்றோடு நிற்கும் நேரம் குறையும். மேய்ச்சலை வரையறுத்தல் இவை எல்லாவற்றிலும் கடினம். இளவேனிற் புல்லின் சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லையன்றோ.

தீனியைக் குறைப்பது பாதி வேலை. மற்றப் பாதி உழைப்பு. குளிர்காலத்தின் இறுதியில் பயிற்சியைத் தொடங்குவோர் முதற் சில வாரங்கள் நடையோடு நிறுத்திக் கொள்வர். நரம்பு நாண்களும் எலும்பும் நுரையீரலைக் காட்டிலும் மெதுவாக உறுதி பெறுவனவாதலின், மூச்சு வாங்காததைக் கண்டு குதிரை ஆயத்தமாகிவிட்டது என முடிவு செய்தல் ஆகாது. பின்னர்த் துள்ளுநடையும் மேட்டு நிலத்தில் ஏறுதலும், அதன்பின் மெல்லோட்டமும் சேரும். மேடு ஏறுதல் பின்பகுதித் தசையை வளர்ப்பதில் ஈடற்றது. ஓய்வு நிலையில் குதிரையின் இதயம் நிமிடத்திற்கு 28 முதல் 44 முறை துடிக்கும். பயிற்சி முடிந்தபின் எவ்வளவு விரைவில் இவ்வெண்ணை நோக்கித் துடிப்பு இறங்குகிறது என்பதைக் குறித்து வந்தால், உடல் உறுதி கூடுவதும் குறைவதும் தாளில் தெரியும்.

முழுப் பாய்ச்சலைக் காப் குதிரை இயல்பாக விரும்புவதில்லை. நீண்ட பக்கத்தில் உடலைத் தாழ்த்தி நீட்டி ஓடவும், மூலையை நெருங்குமுன் இழுபறியின்றி நிதானத்துக்குத் திரும்பவும் கற்க வேண்டும். இதை நாள்தோறும் செய்வித்தால் குதிரை அவ்விடம் வந்ததும் தானே துடிக்கத் தொடங்கும். எப்போதாவது செய்வித்தலே போதும். இரட்டைக் கடிவாளமும் அவ்வாறே. எளிய கடிவாளத்தில் வாய் மென்மையாகவும் கழுத்து நேராகவும் நிற்கக் கற்றபின்னரே அதனை மாட்டுவர். அதற்குமுன் பற்களைச் சோதித்துக் கூர்மைகளை அராவிவிடுதல் முறை.

உயர்நிலையில் பல குதிரைகள் தோற்பது அமைப்பினால் அன்று. முன்பின் அறியாத ஒருவரை முதுகில் ஏற்றும்போதே தோற்கின்றன. வீட்டில் ஒருவரையே சுமந்து பழகிய குதிரைக்கு நடுவரின் கனமும், கால் படும் இடமும், கை இழுக்கும் விதமும் புதியனவாக இருக்கும். ஆகவே உயரமானவர், கனத்தவர், கை தேர்ந்தவர், சற்றே கை முரடானவர் எனப் பலரையும் முன்கூட்டியே ஏற்றிப் பழக்குதல் வேண்டும். ஏறும்வரை அசையாது நிற்பதே முதற்பாடம். கோடை முழுதும் திறந்த புல்வெளியில் ஓடிய குதிரைக்கு, அக்டோபரில் மின்விளக்கும் கைதட்டலும் எதிரொலியும் நிறைந்த மூடிய அரங்கு அச்சமூட்டும். அதனால் உள்ளரங்கங்களில் சிறு போட்டிகளுக்கு முன்னரே அழைத்துச் செல்வர். அச்சத்தை மருந்தால் அடக்குதல் விதிக்கும் குதிரைக்கும் செய்யும் துரோகமாகும். மாதிரி எடுத்துச் சோதிக்கும் முறையும் உண்டு. கோகோ, காப்பி முதலியன கலந்த தீனியிலிருந்துகூடத் தடைசெய்யப்பட்ட பொருள் இரத்தத்தில் சேரக்கூடும். பணியாள் அன்போடு கொடுக்கும் சாக்லேட்டையும் கவனிக்க வேண்டும்.

ஒப்பனையைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. பிடரியும் கால்மயிரும் மழிக்கப்படும். வால் கத்தரித்து நேர் செய்யப்படும். முற்காலத்தில் காப் குதிரையின் வாலெலும்பையே வெட்டிவந்தனர். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிரிட்டனில் அவ்வழக்கம் ஒழிந்தது. வால் இன்றி ஈயை ஓட்ட இயலாது என்பதை ஏற்க மனிதர்க்கு அத்தனை காலம் ஆயிற்று. வாயைச் சுற்றியுள்ள தொடுவுணர்ச்சி மயிர்களை மழிப்பதைப் பன்னாட்டுக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பு 2021இல் தன் போட்டிகளில் தடை செய்தது. குதிரை தன் மூக்கின் கீழுள்ளதைக் காண இயலாது; அம்மயிர்களால்தான் அதனை உணர்கிறது.

பல ஊர்க் குதிரைகள் ஓரிடத்தில் கூடுவதால் தொற்றுக்கும் இடமுண்டு. குதிரைச் சளிக்காய்ச்சல் பரவியதால் 2019 பிப்ரவரியில் பிரிட்டனில் குதிரைப் பந்தயங்கள் ஆறு நாட்கள் நிறுத்தப்பட்டன. தடுப்பூசிக் குறிப்பு ஒழுங்காக இருத்தலும், கடைசி ஊசி எப்போது போடப்பட்டது என்பதைப் பயணத்துக்கு முன்பே பார்த்துக்கொள்ளுதலும் அவசியம்.

அக்டோபர்ப் போட்டி முடிந்ததும் பயிற்சியைச் சட்டென நிறுத்தாமல் சில வாரங்களில் படிப்படியாகக் குறைப்பர். லாடத்தைக் கழற்றிப் புல்வெளியில் விடுவதும் உண்டு. கனத்த போர்வை போர்த்தாது விட்டால், குளிரைத் தாங்கும் முயற்சியில் குதிரை தன் கொழுப்பைத் தானே செலவழிக்கும். விலா கைக்கு நன்கு தட்டுப்படும் நிலையில் அது இளவேனிலை அடைந்தால், புதுப்புல் முளைக்கும் மாதங்களில் வளர்ப்போருக்குக் கவலை குறையும். அடுத்த ஆண்டின் அளவேட்டில் முதல் வரியை அந்நாளிலேயே எழுதத் தொடங்கலாம்.