நூறு மைல் மலைப்பாதை ஓட்டம்

வீதியோட்டத்திற்கும் மலைப்பாதை ஓட்டத்திற்கும் உள்ள வேறுபாடு தூரத்தோடு அமைவதன்று. இதற்கு எடுத்துக்காட்டாக, அமெரிக்காவிற் கலிபோர்னியா மாநிலத்துச் சியரா நெவாடா மலைகளில் நடைபெறும் வெஸ்ரேண் ஸ்ரேற்ஸ் ஓட்டத்தை ஈண்டு நோக்குவாம்.

இவ்வழி முதலிற் குதிரைகளுக்கே உரியதாயிருந்தது. ஒரு நாளில் 100 மைல் கடக்கும் குதிரைப் பந்தயம் 1955 இல் அங்குத் தொடங்கிற்று. 1974 இல் கோடி ஏன்ஸ்லீ என்பார் குதிரைகளோடு தாமும் கால்நடையாய்ப் புறப்பட்டு, 23 மணி 42 நிமிடத்தில் ஓபேர்ண் நகரை அடைந்தார். மனிதர்க்கென முறைப்படியான ஓட்டம் 1977 இல் தோன்றியது. 24 மணிக்குள் முடிப்போர் வெள்ளி பக்கிள் பெறுவர். 30 மணி கடந்தோர் முடித்தவராகக் கொள்ளப்படார்.

ஏற்றத்தினும் இறக்கமே இங்குக் கொடிது. ஏற்றம் ஏறத்தாழ 18,000 அடி. இறக்கமோ 22,000 அடிக்கு மேல். இறங்குங்கால் தொடைத்தசை நீண்டுகொண்டே உடற்பாரத்தைத் தாங்குதலின், அதன் நார்கள் நுண்ணிதாய்ச் சிதைகின்றன. முதலிறக்கங்களில் விரைந்தோடியவர் பின்னர்ச் சமநிலத்திலும் நொண்டுவர். செங்குத்தான ஏற்றங்களில் வல்லவரும் நடப்பர். நம் மாணவர் அதனை இழுக்கென எண்ணற்க. நீர் எவ்வளவு குடிப்பினும் நன்றே என்னும் எண்ணமும் (நம் மைதானங்களிலும் இஃது உண்டு) தவறு. வெறும் நீரை அளவிறந்து குடிப்பின், குருதியில் உப்பின் செறிவு குறைந்து, மூளை வீங்கி, உயிர்க்கே ஏதம் விளையும்.

2015 இல் குன்ஹில்ட் சுவான்சன் என்னும் 70 வயது அம்மையார் 29 மணி 59 நிமிடம் 54 செக்கனில் எல்லைக்கோட்டைத் தாண்டினார். அவ்வாண்டு முதலிடம் பெற்றுப் பல மணி கழிந்திருந்த றொப் கிரார், இறுதி மைலில் அவரோடு உடன் ஓடிவந்தார்.