நீர் முறையும் வரிசை முறையும்



லடாக்குக்கு யாத்திரை செல்வோர் பெரும்பாலும் குன்றின்மேல் உள்ள விகாரைகளைத் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். அவற்றின் கீழே கிடக்கும் வயல்களுக்குள் இறங்கி நடப்பவர் சிலரே. இம்மாதப் பாடத்துக்கு அவ்வயல்களையே எடுத்துக்கொள்வோம்.

லே நகரம் கடல் மட்டத்துக்குமேல் சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. பருவ மழையை இமயமலைத் தொடர் மறித்துவிடுவதால், ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 4 அங்குலமே. மலைகள் மரமும் புல்லுமின்றி வெறும் மண்ணும் கல்லுமாய் நிற்கின்றன. அந்தப் பாலைக்கு நடுவே, ஓடை இறங்கும் பள்ளத்தாக்கில் மட்டும் திடீரெனப் பசுமை தோன்றும். அதுவே ஊர். சரிவைக் கற்சுவர்களால் தாங்கிப் படிப்படியாக வயலாக்கி, வாற்கோதுமையும் பட்டாணியும் பயிரிடுகின்றனர். குளிர் மிகுந்த நாடாதலால் ஆண்டுக்கு ஒரே போகம்.

பயிருக்கு நீர் மழையால் வருவதன்று. மேலேயுள்ள பனி உருகி வரவேண்டும். விதைக்கும் காலத்திலோ வெயில் ஏறாமையால் ஓடை மெலிந்திருக்கும். எல்லா வயலும் ஒரே சமயத்தில் தாகத்தோடு காத்திருக்கும். சண்டை மூள்வதற்கு இதைவிட ஏற்ற காலம் வேண்டுமா?

இதற்காகவே ஊரார் ‘சுர்பொன்’ என்னும் நீர்த்தலைவரை நியமிக்கின்றனர். பல ஊர்களில் குடும்பங்கள் முறை மாற்றி இப்பொறுப்பை ஏற்கின்றன. ‘யூரா’ எனப்படும் வாய்க்காலின் வாயைக் கல்லாலும் புல்மண் கட்டியாலும் அடைப்பதும் திறப்பதும் அவர் வேலை. இரவில் ஓடும் நீர் வீணாகாமல் ‘ஸிங்’ என்னும் சிறு குளத்தில் தேங்கும். காலையில் அதைத் திறந்து வயலுக்கு விடுவர். செல்வன் வயலாயினும் தன் முறைக்குக் காத்திருக்க வேண்டும். ஆலையில் ஷிப்டு முறையில் உழைத்தவனாதலால், முறை தவறினால் எத்தகைய பூசல் எழும் என்பதை நான் அறிவேன். இம்முறை முற்றிலும் சமமானதென்று சொல்வதற்கில்லை. பழைய வயல்களுக்கு முதல் உரிமை, பின்னர் திருத்தியவற்றுக்குப் பிந்திய உரிமை. ஆயினும் பாத்தியதை இன்னதென்று ஊரார் அனைவரும் அறிவர். (குளிர் காலத்து நீரைப் பனிக்கட்டியாக உறையவைத்து, விதைப்புக்கு உதவச் செய்யும் வழியைக் கண்ட லடாக் பொறியாளர் சேவாங் நோர்பெல் 2015ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார்.)

இங்கே ரோகிணி நதியின் கதையை நினைவு கூர்க. வறட்சியில் சாக்கியரின் பணியாட்களும் கோலியரின் பணியாட்களும் நீருக்காக வாய்ச்சண்டை தொடங்க, அது இரு குலத்தின் படைகளையும் கரைக்குக் கொண்டுவந்தது. பகவான் நடுவே சென்று, நீரின் விலை பெரிதா, மனிதர் உயிரின் விலை பெரிதா என்று கேட்டுத் தடுத்தார் என உரை நூல் கூறும். பாபாசாகேப் அம்பேத்கரோ, 1957இல் வெளிவந்த தம் நூலில், சித்தார்த்தர் இல்லம் துறந்ததற்கே இந்த நீர்ப்பூசலைக் காரணமாகக் காட்டுகிறார்.

நீர் விஷயத்தில் லடாக் ஊரார் நல்ல மாணாக்கர். இனி அதே ஊரின் திருமண விருந்துக்குச் செல்வோம். அங்கே அமர்வதற்கு ‘டிரல்’ என்னும் வரிசை உண்டு. பிக்ஷுக்களும் உயர்குடியினரும் தலைப்பக்கம். பின்னர் மற்றக் குடியானவர். கடைசியில் கருமாராகிய கரா, வாத்தியம் வாசிப்போராகிய மோன், ஊர் ஊராய்ச் சென்று இசைக்கும் பேடா. இவர்களோடு மற்றவர் மணவினை செய்வதில்லை. உண்கலத்திலும் வேற்றுமை பாராட்டும் வழக்கம் நெடுநாள் இருந்துவந்தது. இளைஞர் சிலர் இதனைக் கண்டிக்கின்றனர். எனினும் அது முற்றும் ஒழிந்துவிடவில்லை. 1989இல் அரசாங்கம் இம்மூவரையும் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தபோது, தனித்தனிப் பெயராகவே சேர்த்தது. முரசு முழங்காமல் விழாவில்லை. முழக்குவோனுக்கோ கடைசி இடம்! நமக்கு இதனை எவரும் விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

தலைமுறை தலைமுறையாகப் பௌத்தராய் இருப்போரிடம் இஃது எவ்வாறு தங்கிற்று? பகவான் வரிசையைப் பற்றிப் பேசாமல் விட்டாரா? இல்லை. சாக்கிய இளவரசர் துறவு கொள்ள வந்தபோது, தங்கள் குலச்செருக்கு அடங்கும்பொருட்டு நாவிதராகிய உபாலிக்கே முதலில் தீக்ஷை தரும்படி அவர்களே வேண்டினர். அவ்வாறே நடந்தது. முன்னர் தீக்ஷை பெற்றவர் மூத்தவர். ஆதலின் இளவரசர் நாவிதரை வணங்கினர். ரோகிணிக் கரையில் வில்லேந்தி நின்ற அதே குலத்தார் இவர்கள் என்பதை வாசகர் கவனிக்க.

லடாக் செல்லும் உபாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதேனும் விழாவில் உங்களை விருந்தினர் என்று கைப்பிடித்து மேல்வரிசைக்கு அழைத்துச் செல்வார்கள்; அவர்கள் உபசாரத்தில் குறையிராது. வணங்கி நன்றி கூறிவிட்டு, முரசு வைத்திருப்பவர் அருகே இடமிருக்கிறதா என்று கேளுங்கள்.