‘ப்ளோ அப்’: ஊதுவதா, வெடிப்பதா?

ஆங்கிலக் கடிதத்தை அரைகுறையாக வாசித்து நாம் பட்ட நஷ்டத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

கோட்டாறு சவேரியார் கோவில் திருவிழாவுக்கு முன்பு, காற்றடைக்கும் பிளாஸ்டிக் பந்துகள் ஒரு பெட்டி வெளிமாநிலத்திலிருந்து வந்தது. இரண்டு பந்தை ‘ப்ளோ அப்’ செய்து ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு மீதிச் சரக்குக்கு ஆர்டர் கொடுங்கள் என்று கூடவே கடிதம். நம் கணக்கப்பிள்ளைக்கு, பாலத்தை வெடிவைத்துத் தகர்த்தார்கள் என்று பத்திரிகையில் வரும் ‘ப்ளோ அப்’ மட்டுமே தெரியும். பெட்டிக்கு இரண்டு பந்து ஒரே நாளில் வெடிக்கும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, பெட்டியை லாரியில் திருப்பி அனுப்பிவிட்டார். நாமும் கடிதத்தை வாங்கிப் பார்க்கவில்லை. அந்த வருஷம் திருவிழாவில் பந்து விற்றது பக்கத்துக் கடைக்காரர்; போக வர லாரி வாடகை நமக்கு.

‘ப்ளோ’ என்றால் ஊது. ‘அப்’ இங்கே மேலே என்பதல்ல, நிறைய என்பது. பலூன், நீச்சல் வளையம், காற்றுத் தலையணை போல வாயால் ஊதுபவற்றுக்கு ‘ப்ளோ அப்’ என்பார்கள். சைக்கிள் டியூபுக்கு ‘பம்ப் அப்’. நாமும் பலூனை ஊதுகிறோம், டியூபுக்குக் காற்றடிக்கிறோம் அல்லவா? இவை பேச்சு வழக்கு. அட்டைப் பெட்டியில் ‘இன்ஃப்ளேட்’ என்றே அச்சிடுவார்கள். பணவீக்கத்துக்கான ‘இன்ஃப்ளேஷன்’ இதிலிருந்து வந்ததே. அதை வியாபாரிக்கு விளக்க வேண்டியதில்லை.

‘ப்ளோ அப் த பால்’, ‘ப்ளோ த பால் அப்’ இரண்டும் சரி. ‘இட்’ வந்தால் நடுவில்தான் வரும்: ‘ப்ளோ இட் அப்’. நடந்து முடிந்ததற்கு ‘ப்ளூ அப்’. ‘வி ப்ளூ அப் த டியூப்’ என்றால் டியூபுக்குக் காற்றடித்தோம். ‘த டியூப் ப்ளூ அப்’ என்றால் டியூப் வெடித்துவிட்டது. ஸ்டுடியோக்காரருக்கு ‘ப்ளோ அப்’ என்பது பெரிதாக்கிய படம்.

ரப்பர் பால் எடுக்கும் நம் மாவட்டத்திலேயே பலூன் பாக்கெட்டின் ஆங்கிலத்தை வாசிக்காமல் விற்பவர்கள் உண்டு. அதில் ‘அன்இன்ஃப்ளேட்டட்’ என்பது ஊதாத பலூன். அதுவும், வெடித்த துண்டும் எட்டு வயதுக்குக் குறைந்த குழந்தையின் தொண்டையை அடைத்துவிடும் என்பதே அந்த எச்சரிக்கை. பாக்கெட்டைப் பிரித்துச் சில்லறையாக விற்கும்போது எச்சரிக்கை குப்பைக்குப் போய்விடுகிறது. பலூன் வாங்கும் தாய்மாரிடம் அதை வாயால் சொல்லிக் கொடுங்கள்.